அம்மாவின் கோலமும் 5டபிள்யூ-30 ஆயிலும்

மேலூரிலிருந்து மைத்துனன் போன் செய்தபோது நான் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, தரையில் சோப்புத்தூளைக் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தேன். "மாமா, கடையில் நிற்கிறேன். மூன்று கேன் இன்ஜின் ஆயில் எடுத்து வைத்திருக்கிறார்கள். மூன்றிலும் சிந்தெடிக் என்றுதான் போட்டிருக்கிறது. எதை வாங்குவது?" போன மாதம்தான் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். கேட்க வேண்டிய கேள்விதான், கேட்ட நேரம்தான் சரியில்லை. நான் தேய்த்துக்கொண்டிருந்தது என் காரிலிருந்து சொட்டிய சிந்தெடிக் ஆயிலை. அதுவும் அம்மா கோலம் போடுகிற இடத்தில்.

என்னுடையது 2015ஆம் ஆண்டு மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. முதல் நான்கு ஆண்டுகள் சர்வீஸ் சென்டரில் ஊற்றியதுதான் ஆயில். நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. பிறகு வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்ஷாப்புக்கு மாறினேன். அங்கே கார் கையேட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் 20டபிள்யூ-40 மினரல் ஆயிலை, அதாவது கச்சா எண்ணெயைச் சாதாரணமாகச் சுத்திகரித்து எடுப்பதை, ஊற்றிவிட்டார்கள். "அண்ணே, கையேட்டில் இருப்பது குளிர் தேசத்துக்கு. மதுரை வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்றார் மெக்கானிக். மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் முதல் இரண்டு விநாடி, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம். பிறகு அடங்கிவிட்டது. அடுத்த நாளும் அதே இரண்டு விநாடி. ஆறு மாதம் பொறுத்தேன். அதன்பின் கையேட்டில் இருந்த 5டபிள்யூ-30, ஃபுல்லி சிந்தெடிக்; ரசாயன முறையில் உருவாக்கியது என்று பெயர். இதுவரை ஆறு முறை மாற்றியாயிற்று. அந்தக் கூழாங்கல் திரும்பி வரவில்லை.

இந்த 'மதுரை வெயில்' வாதத்தை டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறேன். சித்திரை வெயில் நம் மண்டையைத்தான் பிளக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் ஆயிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஓடுகிற இன்ஜினின் சூட்டைக் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும். கொடைக்கானலில் ஓடினாலும் கோரிப்பாளையம் சிக்னலில் நின்றாலும் ஆயிலின் சூடு 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்த 100 டிகிரியில் எவ்வளவு கெட்டி என்பதைத்தான் கேனில் உள்ள இரண்டாவது எண் சொல்கிறது: 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு) வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. நிலைமை இப்படியிருக்க, வெயிலை எதற்கு இழுக்கிறார்கள்?

முதல் எண்ணோடு வரும் டபிள்யூ, விண்டரைக் குறிக்கிறது. மதுரையில் ஏது குளிர்காலம் என்று சிரிக்கலாம். ஆனால் இரவெல்லாம் நின்ற காருக்கு 25 டிகிரியே குளிர்தான். அந்த நிலையில் ஆயில், ஓடும்போது இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும். அது இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பிலிருந்து கிளம்பி, மேலே ஏறி, உள்ளே சுற்றும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்குப் போய்ச் சேர வேண்டும். என் இரண்டு விநாடி அங்கேதான் போயிற்று என்பது என் கணிப்பு. நியாயமாகச் சொன்னால், 20டபிள்யூ ஆயிலால் இந்த ஊரில் எந்த வண்டியும் கிளம்பாமல் நின்றுவிடாது. மைனஸ் 15 டிகிரியில் சோதித்துத்தான் அந்த எண்ணையே கொடுக்கிறார்கள். தேய்ந்துபோய் ஆயில் குடிக்கிற பழைய இன்ஜினுக்கு மெக்கானிக் 40 போடச் சொன்னால் அதிலும் அர்த்தம் இருக்கிறது. என் இன்ஜின் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை.

குடிக்கவில்லை, துப்பத் தொடங்கியது. சிக்னலில் நின்றால் தீய்ந்த வாடை. பிறகு வாசலில் சொட்டு. மார்கழியில் நாலரை மணிக்கே எழுந்து புள்ளி வைக்கிறவர் அம்மா. 'இருபத்தோரு புள்ளியில் இது இருபத்திரண்டாவது' என்று அந்தக் கறுப்புச் சொட்டைக் காட்டினார். ஒர்க்ஷாப்பில் பார்த்ததும் சொல்லிவிட்டார்கள், இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் போய்விட்டதாம். கூடவே, "சிந்தெடிக் போட்டால் லீக் வரத்தான் செய்யும் அண்ணே." பத்து வருடம் இன்ஜின் சூட்டில் வெந்த ரப்பர் அது. கையில் எடுத்து வளைத்தபோது அப்பளம்போல் முறிந்தது. எந்த ஆயிலை ஊற்றியிருந்தாலும் முறிந்திருக்கும். இதை அவரிடம் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் கெட்டி ஆயிலாக இருந்தால் கசிவதற்கும் கொஞ்சம் சோம்பல்பட்டிருக்குமே என்று ஒரு நினைப்பு வருகிறது. அது நியாயமில்லை என்று தெரிந்தும் வருகிறது.

கவரைக் கழற்றிய அந்த நிமிடத்தைத்தான் சொல்ல வேண்டும். உள்ளே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் இரண்டும் பளபளவென்று, மேலே தேன் தடவியதுபோல ஒரு மெல்லிய படலம். மூலையில்கூடக் கறுப்புக் கசடு இல்லை. மெக்கானிக் விரலால் வழித்துப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டாமல் மாற்றி வந்ததும் இதற்கு ஒரு காரணம். எல்லாப் புகழையும் ஆயிலுக்கே கொடுக்க முடியாது. பாதிப் பெருமை எனக்கு. பேக்கிங்கை மாற்றி மூடும்போது அவர் சொன்னது: "உள்ளே சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அடுத்த முறை நாற்பது போட்டுவிடலாம் அண்ணே."

எந்தக் கம்பெனி ஆயில் என்று எழுதினால் அதுவே தனிச் சண்டையாகிவிடும். கேனின் முன்பக்கத்தில் 'சிந்தெடிக்' என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் அதில் சாரம் குறைவு. 1999இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகளுக்கு இடையே எழுந்த விளம்பரத் தகராறுக்குப் பிறகு, மிக உயர்வாகச் சுத்திகரித்த கச்சா எண்ணெயும் அந்தப் பெயருக்குள் வந்துவிட்டது. பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வட்டத்துக்குள் எஸ்.பி. என்றிருந்தால் 2020இல் வந்த தரம், எஸ்.என். என்றால் 2010. டைமிங் செயின் தேய்மானத்துக்கு எஸ்.பி.யில் தனிச் சோதனை உண்டு. டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்கள் எஸ்.பி.க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம். கேன் காலியானதும் ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டை போட்டுவிடுங்கள். நல்ல கேனுக்குள் போலி ஆயிலை நிரப்பி விற்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

மைத்துனனிடம் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. "எதையாவது வாங்கு மாப்பிள்ளை, வண்டியை மட்டும் வாசலில் நிறுத்தாதே" என்று வைத்துவிட்டேன். இரவு நானே கூப்பிட்டேன். அவன் வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலே அதிகம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் கேன் அவனுக்கு எதற்கு? கையேட்டில் உள்ள எண்ணைப் பார்த்து, அதிலேயே விலை குறைந்ததை வாங்கச் சொன்னேன். "நீங்கள் மட்டும் ஃபுல்லி சிந்தெடிக் ஊற்றுகிறீர்களே, மாமா" என்றான். இனி நானும் ஊற்றுவதாக இல்லை என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

என் இன்ஜினுக்கு வேண்டியது 3.1 லிட்டர். கேன் வருவது 3.5 லிட்டரில். ஒவ்வொரு முறையும் 400 மில்லி மிச்சம். ஒர்க்ஷாப்பில் விட்டுவிட மனம் வராமல் ஆறு முறையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நடுவில் ஊற்றிச் சரிக்கட்டியது போக, பரண்மேல் சரியாக இரண்டு லிட்டர் நிற்கிறது. ஒரு லிட்டர் கேன் ஒன்று வாங்கினாலும் அடுத்த ஆயில் மாற்றலுக்கு 100 மில்லி குறைகிறது.