நிறத்தை நம்பலாமா? மனச்சோர்வு மாத்திரைகளில் பிராண்டும் ஜெனரிக்கும்

மனச்சோர்வுக்கான புரோசாக் 20 மி.கி. கேப்சூல் பாதி பச்சை, பாதி வெளிர்மஞ்சள். அதைத் தயாரித்த நிறுவனமே 2000-இல் சாராஃபெம் என்று இன்னொரு கேப்சூலை அமெரிக்காவில் கொண்டுவந்தது. இது மாதவிடாய்க்கு முன் வரும் கடுமையான மனநிலைத் தடுமாற்றத்துக்கு. நிறம் இளஞ்சிவப்பும் ஊதாவும். ஆனால் உள்ளே இருந்தது அதே ஃபுளுவாக்ஸெடின்தான்! பெட்டியும் நிறமும் பெயரும் சேர்ந்து ஒரு மருந்தை இரண்டாகக் காட்டின.

பிராண்ட் மாத்திரையின் ஒரு வசதி, அதன் தோற்றம் எளிதில் மாறாது. அமெரிக்காவில் சோலாஃப்ட் என்றால் 50 மி.கி. நீலம், 100 மி.கி. மஞ்சள், பெயரும் அளவும் மேலேயே பொறித்திருக்கும். அதே மருந்தை மற்ற நிறுவனங்கள் பொதுப்பெயரில் விற்கும் ஜெனரிக்கில் இந்த நிம்மதி இல்லை. சோலாஃப்டில் இருக்கும் அதே செர்ட்ரலின் 50 மி.கி. ஒரு நிறுவனத்திடமிருந்து வெள்ளையாகவும் இன்னொன்றிடமிருந்து நீலமாகவும் வரலாம். அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒவ்வொரு மாத்திரையிலும் எழுத்தோ எண்ணோ பொறித்திருக்க வேண்டும். அதை வைத்து இன்னதென்று கண்டுபிடித்துவிடலாம். அந்த விதி இல்லாத இடங்களில் அட்டைதான் அடையாளம். அட்டையைக் கிழித்து உதிரியாக டப்பாவில் போட்டு வைத்தால் அதுவும் போச்சு. எதுவென்று தெரியாத மாத்திரையை ஊகித்து விழுங்க வேண்டாம், மருந்தாளுநரிடம் காட்டுங்கள்.

பிராண்ட் பெயருக்கும் ஆபத்து உண்டு. பிரின்டெலிக்ஸ் என்ற மனச்சோர்வு மாத்திரையின் பெயர், ரத்தம் உறையாமல் தடுக்கும் பிரிலின்டாவோடு குழம்பியதால், 2016-இல் அமெரிக்காவில் அதை ட்ரின்டெலிக்ஸ் என்று மாற்ற வேண்டியிருந்தது. வெல்புட்ரின் மனச்சோர்வுக்கு, சைபன் புகைப்பழக்கத்தைக் கைவிடுவதற்கு, இரண்டும் புப்ரோபியான். தெரியாமல் இரண்டையும் சேர்த்து எடுத்தால் அளவு கூடி வலிப்பு வரை போகலாம். மருந்தின் பொதுப்பெயரைத் தெரிந்து வைத்திருப்பவர் இந்தக் குழியில் விழமாட்டார். பொதுப்பெயரையும் முழுதாகப் படிக்க வேண்டும். சிட்டாலோபிராமும் எஸ்சிட்டாலோபிராமும் ஒன்றல்ல. முன்னதில் 20 மி.கி. என்பது பின்னதில் ஏறக்குறைய 10 மி.கி.

சரி, உள்ளே இருக்கும் சரக்கு? ஜெனரிக்குக்கு 80 முதல் 125 சதவீதம் என்றொரு வரம்பு உண்டு. இதைக் கேட்டதும் "மருந்தே 20 சதவீதம் குறைவாக இருக்கலாமாம்" என்று பலர் பயப்படுகிறார்கள். மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவுக்கான வரம்பு அல்ல அது. ரத்தத்தில் மருந்து சேரும் அளவை பிராண்டோடு ஒப்பிடும்போது, கணக்கின் பிழை எல்லை முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். அதனால் சராசரி வித்தியாசம் மிகச் சிறியதாகவே இருக்கும். 1996 முதல் 2007 வரை அமெரிக்காவில் ஏற்கப்பட்ட ஜெனரிக்குகளின் 2,070 ஆய்வுகளைப் பார்த்ததில், உடலில் சேர்ந்த அளவின் வித்தியாசம் சராசரியாக 3.5 சதவீதம்தான்.

இருந்தாலும் ஜெனரிக்கைக் குறை சொன்னவர்கள் எல்லோரும் கற்பனை செய்யவில்லை. மெதுவாகக் கரையும் புப்ரோபியான் எக்ஸ்எல் மாத்திரையில் 150 மி.கி.யைச் சோதித்துவிட்டு, அதை வைத்தே 300-க்கும் அமெரிக்காவில் அனுமதி தந்தார்கள். பலன் போய்விட்டது, தலைவலிக்கிறது என்று நோயாளிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 300-ஐயே சோதித்தபோது, பியூடெப்ரியான் என்ற ஜெனரிக் வெல்புட்ரினுக்கு இணையாக உடலில் மருந்தை வெளிவிடவில்லை என்று தெரிந்தது. 2012-இல் அது திரும்பப் பெறப்பட்டது.

என் தேர்வு பெரும்பாலும் ஜெனரிக்தான், விலைக்காக. எக்ஸ்எல், எக்ஸ்ஆர் என்று முடியும் மெதுவாகக் கரையும் வகைகளில் மட்டும் ஒரே நிறுவனத்தின் மாத்திரையைத் தொடர்ந்து கேட்டு வாங்குவேன். நிறம் மாறி வந்தால் அட்டையில் பொதுப்பெயர், மி.கி., அந்தக் கடைசி இரண்டு எழுத்துகள் மூன்றையும் மருந்துச் சீட்டோடு ஒத்துப் பார்க்கலாம். சந்தேகம் என்றால் அன்றே கேட்டுவிட வேண்டும். மாத்திரையை ஓரமாக வைத்துவிட்டு நாளைக் கடத்தினால், பராக்ஸெடினும் வென்லாஃபாக்ஸினும் ஓரிரு நாளிலேயே தலைசுற்றலையும் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வையும் கொண்டுவந்துவிடும். ஃபுளுவாக்ஸெடின் உடலில் வாரக்கணக்கில் தங்குவதால் அவ்வளவு அவசரப்படுத்தாது.