சுவரை மட்டும் வைப்பதா, கட்டடத்தையே வைப்பதா?

பழைய தொழிற்கட்டடத்தைக் கச்சேரி அரங்கமாக்கிய இரண்டு இடங்கள்: இங்கிலாந்தின் ஸ்நேப் மால்டிங்ஸ், ஜெர்மனியில் ஹாம்பர்க்கின் எல்ப்ஃபில்ஹார்மனி. இதில் எது பசுமைச் சீரமைப்பு, அதாவது புதிய பொருளைக் குறைத்துப் பழையதையே பயன்படுத்தியது?

ஹாம்பர்க்கில் 1960களின் கோகோ, தேயிலைக் கிடங்கில் செங்கல் வெளிச்சுவரை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே மொத்தமும் குடைந்தெடுத்தார்கள். மேலே கண்ணாடி மாளிகை ஏறியது. அந்தப் பாரத்துக்காக அடியில் 600க்கும் மேற்பட்ட புதிய தூண்கள் இறக்கினார்கள். 2017இல் திறந்தபோது செலவு சுமார் 86 கோடி யூரோ. 2,100 இருக்கைகள், கம்பீரம்தான், மறுக்கவில்லை.

ஸ்நேப்பில் பார்லியை முளைகட்டி உலர்த்திய விக்டோரியா காலத்துச் செங்கல் கூடம். இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1967இல் அதை 800 பேர் அமரும் அரங்கமாக்கினார். பூச்சில்லாத அதே செங்கல், மரக்கூரை, பிரம்பு நாற்காலி. பழைய சூளைப் புகைபோக்கிகளின் சாயலில் கூரைமேல் வைத்த மரக்கூண்டுகள் வழியே உள்காற்று வெளியேறுகிறது. 1969இல் தீப்பிடித்து எரிந்தது, சுவர்கள் நின்றன. அங்கே அடுத்த ஆண்டு நடந்த இசை விழாவுக்கே மீண்டும் எழுந்தது! எனக்கு அதை நினைத்தாலே நெகிழ்கிறது.

பெருநகரத்துக்கு 2,000 இருக்கை அவசியமென்றால் ஹாம்பர்க் வழி புரிகிறது. ஆனால் புதிய கான்கிரீட்டும் கண்ணாடியும் இவ்வளவு கொட்டிய பிறகு அதைப் பசுமைச் சீரமைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் ஓட்டு ஸ்நேப்புக்கே.