வெறும் வயிறு என்றால் எத்தனை மணி நேரம்?

சென்ற விடுமுறையில் திருமங்கலத்துக்கு வந்திருந்தபோது, 72 வயதான அம்மாவை இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்காக மதுரையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். டொராண்டோவில் இதே ஊசிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தவன் நான்; இங்கே எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டிய நான்காம் நாளே எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசிக்கு, அதாவது முதுகுத்தண்டில் நரம்புகளைச் சுற்றி வீக்கத்தைக் குறைக்கும் மருந்தைச் செலுத்தும் ஊசிக்கு, தேதி கிடைத்துவிட்டது. இரத்தம் உறையாமலிருக்க ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதல் நாளே தொலைபேசியில் விசாரித்தார்கள். அத்தகைய மாத்திரை உடலில் இருக்கும்போது ஊசி குத்தினால் தண்டுவடக் குழாய்க்குள் இரத்தம் கட்டி நரம்புகளை அழுத்தக்கூடும் என்பதால், அது அவசியமான கேள்வி. இந்த அக்கறை உணவு விஷயத்தில் இல்லாமல் போனதுதான் என் குறை.

கையில் கொடுத்த தாளில் தேதியும், காலை 7 மணி என்ற நேரமும், ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்ற வரியும் மட்டுமே இருந்தன. ஆண்டுதோறும் திருப்பரங்குன்றத்தில் சஷ்டி விரதம் இருந்து பழகிய அம்மாவுக்கு அந்த வரிக்கு ஒரே பொருள்தான்: பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. முந்தைய இரவு 8 மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டதோடு சரி. ஆனால், சர்க்கரை மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்று அவருடைய டாக்டர் எப்போதோ சொல்லியிருந்ததால், சாப்பிடாமல் இருந்தாலும் சர்க்கரையை இறக்கிவிடும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் காலையில் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கியிருக்கிறார். இது எனக்குத் தெரியாது. மருத்துவமனையில் யாரும் கேட்கவுமில்லை.

ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தவர்களை 11.40 வரை அழைக்கவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு ஏன் இப்படி வியர்க்கிறது என்று கையைப் பிடித்துப் பார்த்தேன், விரல்கள் நடுங்கின. “ஒண்ணுமில்லய்யா, பசி மயக்கம்” என்றார். செவிலியர் ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 56-க்கு இறங்கியிருந்தது. எவர்சில்வர் டம்ளரில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்ததில் 92 ஆனது. அந்தச் செவிலியரின் சுறுசுறுப்பை நான் மறக்கமாட்டேன்.

அதன் பிறகுதான் டாக்டர் வந்து, அம்மாவுக்கு மரத்துப்போகும் ஊசி மட்டுமே போடப்போவதாகவும், மயக்க மருந்து இல்லையென்பதால் பட்டினி இருக்கவேண்டிய தேவையே இல்லையென்றும் சொன்னார். எல்லாருக்கும் ஒரே தாளை அச்சடித்துக் கொடுத்ததில் வந்த வினை இது.

பட்டினி ஊசிக்காக அல்ல, மயக்கத்துக்காக. மயக்க மருந்து ஏறும்போது, இருமி வெளித்தள்ளும் தொண்டையின் காவல் தளர்ந்துவிடுவதால், வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். பிரசவ மயக்கத்தின்போது நேர்ந்த இத்தகைய விபத்துகளை நியூயார்க் மருத்துவர் மெண்டல்சன் 1946-இல் விவரித்தார். முதுகு ஊசிக்கோ நோயாளி குப்புறப் படுக்கவேண்டும். மூச்சில் சிக்கல் என்றால் அவரைப் புரட்டிப்போடுவதற்கே நேரம் பிடிக்கும். ஆகவேதான் மயக்கம் கொடுப்பதாக இருந்தால் இட்லி போன்ற எளிய உணவுக்கு 6 மணி நேரமும், பொரித்தது, கொழுப்பு, இறைச்சி ஆகியவற்றுக்கு 8 மணி நேரமோ அதற்கு மேலோ இடைவெளி கேட்கிறார்கள். வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்புவரை பொதுவாக அனுமதிக்கிறார்கள். பாலுக்கும் 6 மணி நேரக் கணக்குத்தான். நம்மூரில் காபி என்றாலே பால் காபிதான். அதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் பக்கத்தில் இருந்த உசிலம்பட்டிக்காரருக்கு மயக்கம் கொடுத்துச் செய்யவேண்டிய சிகிச்சை. “காபி மட்டுந்தேன் குடிச்சேன்” என்று அவர் உண்மையைச் சொன்னதால் அன்றைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அனுப்பியது சரிதான், ஆனால் பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் அவருடையவை அல்லவா?

அம்மாவுக்கு ஊசி நல்லபடியாகவே முடிந்தது. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசியைச் செலுத்திய டாக்டர், “கால்ல சுரீர்னு இழுத்தா உடனே சொல்லுங்கம்மா” என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஊசி நரம்பைத் தொட்டால் விழித்திருப்பவரால்தான் சொல்லமுடியும். ஆழ்ந்த மயக்கம் வேண்டாமென்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்டீராய்டு சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும் என்பதும் தாளில் இல்லை. கேட்ட பிறகே சொன்னார்கள். மறுநாள் 290 காட்டியது, நான்காம் நாள் இறங்கியது. அடுத்த ஊசிக்குத் தேதி வாங்கியபோது, மயக்கம் உண்டா, எத்தனை மணிக்குப் பிறகு சாப்பிடக்கூடாது, எந்த மாத்திரையை நிறுத்தவேண்டும், சர்க்கரை நோயாளியை முதலில் அழைப்பீர்களா என்று நான்கையும் கேட்டு, பதிலை அதே தாளின் பின்பக்கத்தில் அவர்கள் கையாலேயே எழுதி வாங்கினேன். அது இப்போது சமையலறை நாட்காட்டி ஆணியில், அம்மாவின் மாத்திரைப் பையோடு தொங்குகிறது.