தல்லி ராஜ்ஹரா ஷஹீத் ஆஸ்பத்திரி: சுரங்கத் தொழிலாளிங்க கட்டுனது, நம்பிப் போகலாம்

சத்தீஸ்கர்ல பிலாய், துர்க், ராய்ப்பூர் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்களுக்காக இத எழுதுறேன். ஆபரேஷன்னு சொல்லி யாராச்சும் பெரிய தொகையா எஸ்டிமேட் குடுத்தா, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ தல்லி ராஜ்ஹரா போய் ஷஹீத் ஆஸ்பத்திரில காமிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்காவோட அம்மாவுக்கு கர்ப்பப்பைல கட்டி. மாசக்கணக்கா ரத்தப்போக்கு, ஆளே வெளுத்துப் போயிட்டாங்க. இங்க ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ஸ்கேன் பாத்த கையோட நாளைக்கே எடுத்துடணும் அட்வான்ஸ் கட்டுங்கன்னு சொல்லிட்டாங்க, நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கிற பொம்பள அந்தப் பணத்துக்கு எங்க போவாங்க. அவங்க பெரியப்பா ஒருத்தரு பழைய சுரங்கத் தொழிலாளி, "நம்ம ஆஸ்பத்திரி இருக்கும்போது ஏன் அலையிறீங்க"ன்னு அவர்தான் கூட்டிட்டுப் போனாரு, நானும் கூடவே போனேன்.

அந்தப் பெரியவரு நம்ம ஆஸ்பத்திரின்னு சொன்னது சும்மா பேச்சுக்கு இல்ல. பிலாய் ஸ்டீல் பிளான்ட்டுக்கு இரும்புத் தாது போற சுரங்கம் அங்கதான இருக்கு, அங்க வேலை செஞ்ச கான்ட்ராக்ட் தொழிலாளிங்க 1977ல சத்தீஸ்கர் மைன்ஸ் ஷ்ரமிக் சங்கம்னு ஒரு யூனியன் ஆரம்பிச்சாங்க, தலைவர் சங்கர் குஹா நியோகி. அதே வருஷம் ஜூன்ல போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல 11 பேர் செத்தாங்க, ஆஸ்பத்திரிக்கு ஷஹீத்னு, அதாவது தியாகின்னு, பேர் வச்சது அவங்க நினைவாத்தான். அதுக்கப்புறம் யூனியனோட துணைத் தலைவி குசும் பாய் பிரசவத்துல சரியான சிகிச்சை கிடைக்காம இறந்துட்டாங்க. அத்தன பெரிய யூனியன்ல பொறுப்புல இருந்தவங்களுக்கே இந்த கதின்னா மத்த பொம்பளைங்க நிலைமைய நெனச்சுப் பாருங்க. அப்பதான் நமக்குன்னு ஒரு ஆஸ்பத்திரிய நாமளே கட்டுவோம்னு முடிவு பண்ணாங்க.

மொதல்ல 1982ல ஒரு கேரேஜ்ல டிஸ்பென்சரி. அப்புறம் 1983 ஜூன் 3ஆம் தேதி 15 பெட்டோட ஆஸ்பத்திரி. வெளி டொனேஷன் எதிர்பாக்கல, தொழிலாளிங்க கைக்காசு போட்டாங்க, ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து கூலி வாங்காம கட்டட வேலை பாத்தாங்க. பகல் பூரா பாறை ஒடச்ச கையி சாயங்காலம் சுவர் எழுப்பிருக்கு! கட்டி முடிச்சதோட விடல. அதே தொழிலாளிங்க கொஞ்ச பேரு டாக்டருங்க கிட்ட ட்ரெயினிங் எடுத்து, வேலை நேரம் போக மிச்ச நேரத்துல கட்டு போடறது, ஊசி போடறது, ஊர் ஊரா போய் பேதிக்கு உப்பு-சக்கரைத் தண்ணி எப்படி கலக்கணும்னு சொல்லித் தர்றது எல்லாம் பாத்தாங்க. பினாயக் சென், ஆஷிஷ் குண்டு, சைபல் ஜானா மாதிரி டாக்டருங்க வந்து சேந்ததும் இவங்களோட சேந்து வேலை பாக்கத்தான். யூனியன்னா கேட் மீட்டிங்கும் ஸ்ட்ரைக்கும்தான்னு எங்கப்பா பிளான்ட்ல இருந்த காலத்துலேர்ந்து கேட்டே வளந்தவன் நான். நியோகி போராட்டமும் நிர்மாணமும் ரெண்டும் சேந்துதான் யூனியன்னு சொன்னவரு, 1991ல பிலாய்லயே அவர சுட்டுக் கொன்னுட்டாங்க. ஆனா ஆஸ்பத்திரி நிக்கல, 15 பெட்டு இன்னிக்கு நூறத் தாண்டிடுச்சு.

சரி ட்ரீட்மென்ட் விஷயத்துக்கு வர்றேன். மொதல்ல ரத்தப் பரிசோதனை, கூடவே சிக்கிள் செல்னு பரம்பரையா வர்ற ரத்த நோய்க்கான டெஸ்ட்டும், ஏன்னா சத்தீஸ்கர்ல அது நெறைய பேருக்கு இருக்கு. ஒடம்புல ரத்தம் ரொம்பக் கொறைவா இருக்கு, மொதல்ல அத ஏத்திக்கிட்டு அப்புறம்தான் ஆபரேஷன், அவசரம் ஒண்ணும் இல்லன்னு அந்த அம்மாவுக்குப் புரியுற மாதிரி சத்தீஸ்கரி பாஷைலயே சொன்னாங்க. எனக்கு மனசு நெறஞ்சது இங்கதான். அந்தம்மா முகத்தப் பாத்து, அவங்க பாஷைல, படம் வரஞ்சு கட்டி எங்க இருக்குன்னு காட்டி பேசுனாங்க, அதுவரைக்கும் யாருமே அவங்க கிட்ட நேரா பேசினதில்ல, எல்லாம் மகள் கிட்டதான்.

இன்னொண்ணு. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு, தெம்பா இருக்கும் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்கன்னு அந்த அக்கா கேட்டாங்க. வார்டுல இருந்த வயசான நர்ஸம்மா கட்டில்ல உக்காந்து, வாயால சாப்பிட முடியுதுல்ல, பாட்டில் காசுக்கு பருப்பும் முட்டையும் வாங்கிக் குடு, கஞ்சி குடுன்னு பொறுமையா சொன்னாங்க. தேவையில்லாத ஊசி, தேவையில்லாத சலைன் கூடாதுங்கறது அந்த ஆஸ்பத்திரி ஆரம்பத்துலேர்ந்து புடிச்சிட்டு வர்ற கொள்கை. எத்தன ஆஸ்பத்திரில கேட்டவுடனே ஏத்தி பில்லுல சேத்துருப்பாங்க சொல்லுங்க.

மொத்த செலவு பிரைவேட்ல சொன்னதுல சின்ன பங்குதான், பில்லுல எது எதுக்குன்னு தெளிவா இருந்துச்சு. அந்தம்மா இப்ப ஊர்ல நெல்லு காய வைக்கிற வேலை வரைக்கும் பாக்குறாங்க.

போறவங்க தெரிஞ்சுக்க: பிலாய்லேர்ந்து சுமார் 90 கிமீ, துர்க்லேர்ந்து பாலோட் வழியா ட்ரெயினும் இருக்கு. ஏசி ரூம் நெனப்போட போகாதீங்க, சுத்துப்பட்டு கிராமத்து சனம் அத்தனையும் வர்ற எடம், காலையில சீக்கிரம் போயிடுங்க. பழைய ஸ்கேன், ரிப்போர்ட் ஒண்ணு விடாம எடுத்துக்கோங்க. கூட தங்குறவங்களுக்கு போர்வை, தட்டு டம்ளர் வேணும். பெரிய ஆபரேஷன்னா ரத்தம் குடுக்க ஒடம்பு நல்லா இருக்குற ஆளு ரெண்டு பேரையாச்சும் கூட்டிட்டுப் போங்க, நாங்க போனப்ப அந்தப் பெரியப்பா தெருப் பசங்களே வந்து குடுத்தாங்க. ஹிந்தி பேச வராதவங்க தெரிஞ்ச ஆளோட போறது நல்லது.