பிள்ளை இருந்தால் வேலை இல்லையா? ராமநாதபுரம் இலவச சட்ட உதவியில் என் அனுபவம்

எனக்கு ஊர் மண்டபம். மகளுக்கு மூன்று வயது. போன மாதம் ஒரு கடற்கரை விடுதியில் ரிசப்ஷன் வேலைக்கு நேர்காணல் போனேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில், "சின்னப் பிள்ளை வச்சிருக்கவங்கள எடுக்கிறதில்லம்மா, நைட் ஷிப்ட் இருக்கு" என்றார்கள். இரவு வேலைக்குச் சம்மதம் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அன்று அதே வேலைக்கு நேர்காணலுக்கு வந்து தேர்வான ஓர் இளைஞருக்கு இரண்டு பிள்ளைகள். அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

மனசு ஆறவில்லை. பஸ் ஏறி ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அங்கே வக்கீல் உதவி இலவசம். என்னிடம் பேசிய வக்கீல் அம்மா அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்.

எனக்கு இதமாக இருக்கட்டும் என்று எதையும் அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. தனியார் முதலாளி யாரை எடுப்பது என்பது பெரும்பாலும் அவர் விருப்பம். காரணம் சொல்லக்கூட வேண்டியதில்லை. வேலைக்குத் தேவையான படிப்போ லைசென்ஸோ இல்லை, சான்றிதழ் போலி, இன்னொருவருக்கு அனுபவம் அதிகம் என்றால் தாராளமாக மறுக்கலாம். முன்பு ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் இந்தி தெரியாது என்று என்னை எடுக்கவில்லை. வடக்கேயிருந்து யாத்ரீகர்கள் வரும் ஊர், அது நியாயமான காரணம்தான் என்றார். சரி, ஒத்துக்கொண்டேன்.

ஆனால் பெண் என்பதற்காக மறுக்கக் கூடாது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இது இருந்தது. இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. பெண்களை அமர்த்தக் கூடாது என்று சட்டமே தடுத்த வேலைக்கு மட்டும் விலக்கு. 'பிள்ளை பெற்றவள்' என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் அதே வேலைக்கு வந்த ஆணிடம் கேட்காததை என்னிடம் மட்டும் கேட்டதால், இது பெண் என்பதற்கான பாகுபாடு என்று வாதாட இடமிருக்கிறது என்று விளக்கினார். இதை எனக்கு வேறு யாரும் இப்படிப் பிரித்துச் சொன்னதில்லை.

விடுதிக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

போகிறவர்கள் வேலை விளம்பரம், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் அழிக்காமல் கொண்டுபோங்கள். என்னிடம் வாய்ப்பேச்சு மட்டும்தான் இருந்தது, வக்கீல் அம்மா முதலில் கேட்டதே எழுத்தில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்றுதான். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை.