ஓட்டோ கியர் ஒயில்: மெசினில் மாற்றுவதா, வடித்து நிரப்புவதா?

டொயோட்டா கொரோலா 121 மாதிரிப் பழைய ஓட்டோ கியர் காருக்கு ஒயில் மாற்ற இரண்டு வழி. நகரத்துக்குக் கொண்டுபோய், பழைய ஒயிலைத் தள்ளிப் புதியதை ஏற்றும் மெசின் பூட்டி முழுவதையும் ஒரே தடவையில் மாற்றலாம். அல்லது ஊர் கராஜிலேயே அடி நட்டைக் கழற்றி வடித்து, வடிந்த அளவுக்குப் புதிதாக ஊற்றலாம். நான் செய்வித்தது இரண்டாவது. இப்போதும் அதன் பக்கம்தான்.

மெசினின் நல்ல பேர் நியாயமானதே. வடித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் இறங்கும், மீதி, எஞ்சினின் சுழற்சியைக் கியர் பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வேட்டருக்குள் நின்றுவிடும். தடவைக்கு 40 வீதம் மாறுகிறது என்று வைத்தால், மூன்று தடவைக்குப் பிறகும் ஐந்தில் ஒரு பங்கு பழையதுதான். மெசினில் ஒயில் கூடுதலாகச் செலவாகும், ஆனால் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது சம்ப், அதாவது கியர் பொக்ஸின் அடியில் ஒயில் நிற்கும் தட்டு. வடிக்கும்போது அதையும் கழற்றிப் பார்க்கலாம். ஜப்பானில் ஓடி, கொழும்பில் கைமாறி, கடைசியில் கிளிநொச்சிக்கு வந்து சேரும் காருக்கு சேர்விஸ் புத்தகம் ஏது? சம்பைக் கழற்றினால்தான் அதன் கதை தெரியும். உள்ளே காந்தங்கள் இருக்கும். அவற்றில் சாம்பல் நிறத்தில் மை போலப் படிந்திருந்தால் சாதாரணத் தேய்மானம், பயமில்லை. விரலில் குத்தும் இரும்புத் துருவல் இருந்து, ஒயிலும் கறுத்து எரிந்த மணம் அடித்தால் உள்ளே கிளச் தட்டுகள் போய்விட்டன என்றுதான் எடுக்க வேண்டும். அப்போது புது ஒயிலுக்குக் கொட்டும் காசு வீண், கியர் பொக்ஸ் வேலைக்கே அதை எடுத்து வைக்கலாம். மெசின் பூட்டும் இடங்களில் பெரும்பாலும் சம்பைத் தொடமாட்டார்கள், பில்டரும் பழையபடி கிடக்கும். ஊர் கராஜில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம். ஒன்று, சம்ப் போல்ட்டுகளை முறுக்கித் தள்ள விடாதீர்கள். விளிம்பு வளைந்தால் கசியும்.

மெசின் போட்டபின் கியர் வழுக்குகிறது என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பெட்டிகள் முன்பே தேய்ந்திருக்கக்கூடும். பழியை மெசின்மேல் போட நான் தயாரில்லை.

ஓட்டத்தில் வித்தியாசம் தெரிந்தது. காலையில் கியரை டி-க்குப் (D) போட்டதும் ஒரு கணம் தாமதித்து டக்கென்று பிடிப்பது குறைந்தது. இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறும்போது விழுந்த உதையும் மெலிந்தது. ஏ9 வீதியில் சீராகப் போகையில், கன்வேட்டர் எஞ்சினோடு இறுகிப் பூட்டிக்கொள்ளும் (லொக் ஆகும்) இடத்தில் வந்த நடுக்கம் மட்டும் முதல் தடவைக்கு அசையவில்லை. சில வாரம் ஓடி இரண்டாம் முறை வடித்த பிறகே போனது. உராய்வைச் சீராக வைக்கும் சேர்மானம் சூட்டில் கெட்டுப்போவதால் வரும் நடுக்கம் அது. வன்னி வெயிலில், உள்வீதிகளில் மாடுகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது அந்தச் சூடு இன்னும் ஏறும்.

121-க்கு டைப் டி-4 (Type T-IV) ஒயில். 'எல்லாம் ஒன்றுதான்' என்று டபிள்யூஎஸ் (WS) என்ற வேறு வகை ஒயில் போத்தலை நீட்டினால் வாங்காதீர்கள். அளவைச் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எல்லாக் கியரும் ஒருமுறை போட்டு பி-க்குத் திரும்பியபின் கோலில் பார்க்க வேண்டும்.

சிவிடி (படிக் கியருக்குப் பதிலாக பெல்ட்டில் ஓடும் கியர் பொக்ஸ்) உள்ள டொயோட்டா அக்சியோ நான் வைத்திருந்ததில்லை. அதற்கு ஒயிலே வேறு, இந்த ஒயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கும். அந்த வேலை தெரிந்தவரிடமே விடுங்கள்.