ஷ்வால்பே மாரத்தான் 32: வாங்குமுன் உயரத்தை அளக்கவும்

என் சைக்கிளில் இருந்த 28 மி.மீ. டயர்களுக்குப் பதிலாக ஷ்வால்பே மாரத்தான் டயரில் 32-622 அளவுள்ள ஒரு ஜோடியை வாங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. ரப்பருக்கு அடியில் 3 மி.மீ. தடிமனுள்ள காப்புப் பட்டை இருப்பதால் கண்ணாடித் துண்டுகள் மேலும்கூட அஞ்சாமல் ஓட்ட முடிகிறது. இதுவரை ஒருமுறையும் பஞ்சர் ஆகவில்லை. டயரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த ஜோடியில் ஒன்று மட்டுமே இப்போது சைக்கிளில் இருக்கிறது, மற்றொன்று அலமாரியில் கிடக்கிறது.

32 என்பது டயரின் அகலம், 622 என்பது டயர் அமரும் ரிம்மின் விட்டம். டயரின் உயரமும் ஏறக்குறைய அகலத்தின் அளவே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அகலம் 4 மி.மீ. கூடும்போது பக்கவாட்டில் இருபுறமும் 2 மி.மீ. வீதம் இடம் குறைகிறது. மேற்புறத்திலோ அந்த 4 மி.மீ. முழுவதும் ஒரே இடத்தில் பறிபோகிறது. நான் பின்சக்கரத்தின் இருபுறமும் செல்லும் சட்டக் குழாய்களான செயின் ஸ்டேக்களுக்கு இடையே அளந்து பார்த்து, இடம் தாராளமாக இருக்கிறது என்று நம்பி வாங்கினேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கிரீடத்துக்கு, அதாவது அதன் இரு கால்களும் மேலே சேரும் இடத்துக்கு, அடியில் அளக்கவே இல்லை.

காற்றில்லாத டயர் ஃபோர்க்குக்குள் எளிதாக நுழைந்தது. முழுக் காற்று அடித்த பிறகு 4 மி.மீ. ஆலன் சாவியை இடைவெளியில் செருகிப் பார்த்தேன். அது நுழையவில்லை, 2 மி.மீ. சாவி மட்டும் உரசிக்கொண்டே நுழைந்தது. ஈரச் சாலையில் டயரில் ஒட்டிக்கொள்ளும் சிறு கல் ஒன்று அங்கே சிக்கினால் முன்சக்கரம் சட்டென்று நின்று ஓட்டுபவரைத் தூக்கி எறிந்துவிடும். ஆகவே முன்னால் பழைய 28-ஐயே திரும்ப மாட்டினேன். பின்னால் 6 மி.மீ. இடைவெளி இருந்ததால் மாரத்தான் அங்கேயே தொடர்கிறது. உடலின் எடை பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான் விழுகிறது என்பதால் இந்த ஏற்பாடு எனக்கு நன்றாகவே பொருந்தியிருக்கிறது.

ரிம்மின் உள் அகலம் கூடுதலாக இருந்தால் அதே டயர் இன்னும் சற்று விரியும் என்பதால், பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மட்கார்டு உள்ளவர்கள் அதன் உட்புறத்திலிருந்தே அளக்க வேண்டும். பின்சக்கரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடும் மீட்டர் வைத்திருப்பவர்கள், சுற்றளவு சுமார் 25 மி.மீ. கூடுவதால் அந்த எண்ணையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.